லைன் காத்திருக்காது: டெலிகாம் மைக்ரோகண்ட்ரோலர் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய லேண்ட்லைன் போன், எக்ஸ்சேஞ்ச் கார்டு, ரூட்டர் போர்டு இதையெல்லாம் திறந்து பாக்குற பசங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்களை ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன். இந்த மாதிரி போர்டுகள்ல இருக்குற மைக்ரோகண்ட்ரோலருக்கு (சிபியு, மெமரி எல்லாம் ஒரே சிப்புல அடங்கின குட்டி கம்ப்யூட்டர்) ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள்ள ஓடற புரோகிராம், எழுதுறதுதான் ரொம்ப வருஷமா என் வேலை. எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் தெரிஞ்சா போதும், மீதியை இங்கயே சொல்லிடறேன்.

டெலிகாமுக்குன்னு தனியா மைக்ரோகண்ட்ரோலர் எதுக்கு? சாதாரண சிப் பத்தாதா?

வாஷிங் மெஷின்ல இருக்குற சிப் ஒரு வேலையை 10 மில்லிசெகண்ட் லேட்டா செஞ்சா யாருக்கும் எதுவும் ஆகப்போறதில்ல, துணி துவைக்கும். டெலிபோன் லைன் அப்படி இல்லீங்க. அந்தப் பக்கத்துல இருந்து பிட்டு வந்துகிட்டே இருக்கும், நீங்க ரெடியா இருக்கீங்களா இல்லையான்னு அது கேக்காது, எடுக்கலன்னா போச்சு. அதனால இந்த சிப்புகளை டிசைன் பண்ணவங்க சிபியு எவ்ளோ வேகம்னு முதல்ல யோசிக்கல, லைன் என்ன கேக்குதுன்னு யோசிச்சாங்க. போன் பக்கத்துல லைன் கேக்குறது கரண்ட்ல சிக்கனம், எக்ஸ்சேஞ்ச் பக்கத்துல கேக்குறது நேரத்துல சிக்கனம். இந்த ரெண்டும் புரிஞ்சுட்டா இந்த சிப்புகளோட டேட்டாஷீட்ல பாதி தானா புரியும்.

சாதா லேண்ட்லைன் போனுக்குள்ள சிப்பு என்ன பண்ணுது?

நம்பர் டயல் பண்றது, ரீடயல், நம்பரை ஞாபகம் வெச்சுக்கறது, ரிங்குக்கு ட்யூன் போடறது, ஹூக் அழுத்துனா ஃபிளாஷ் அனுப்பறது. கேக்க சின்ன வேலையா இருக்கும். ஆனா பேட்டரியும் கிடையாது அடாப்டரும் கிடையாது, இந்த எல்லா வேலையும் லைன்ல வர்ற கரண்ட்லயே நடக்கணும்.

எக்ஸ்சேஞ்ச்ல இருந்து கிட்டத்தட்ட 48 வோல்ட் டிசி வருது. ரிசீவர் கீழ இருக்கும்போது போன் கிட்டத்தட்ட கரண்டே எடுக்கக்கூடாது, ஏன்னா கரண்ட் ஓடுனா எக்ஸ்சேஞ்ச் "ஆள் ரிசீவரை எடுத்துட்டார்"னு நினைச்சு டயல் டோன் குடுத்துரும். அப்போ ரீடயல் நம்பரை ஞாபகம் வெச்சிருக்குற மெமரிக்கு சோறு எங்க இருந்து வரும்? பெரிய ரெசிஸ்டர் வழியா ஒழுகி வர்ற சில மைக்ரோஆம்பியர்தான். ரிசீவரை எடுத்ததும் 20, 30 மில்லிஆம்பியர் ஓடும், ஆனா லைன் வோல்டேஜ் பத்து வோல்ட்டுக்கும் கீழ இறங்கிடும், எக்ஸ்சேஞ்ச்ல இருந்து தூரமான வீடுன்னா இன்னும் கம்மி. அதுலயும் பேச்சு சர்க்யூட்டுக்குப் போக மிச்சம்தான் சிப்புக்கு.

அந்தக் கால பல்ஸ் டயலிங்ல ராங் நம்பர் போகுமே, அதுக்கும் சிப்புக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கொஞ்சம் பக்கத்துல போய் பாப்போம்.

பல்ஸ் டயலிங்னா லைனை வெட்டி வெட்டி விடறதுதான். செகண்டுக்கு 10 பல்ஸ், ஒவ்வொரு பல்ஸ்லயும் நம்ம ஊர் கணக்குல மூணுல ரெண்டு பங்கு நேரம் கட், ஒரு பங்கு நேரம் கனெக்ட். அதாவது ஏறக்குறைய 67 மில்லிசெகண்ட் லைன்ல கரண்டே இல்ல! வெட்டுறது யாரு? சிப்பு. அந்த சிப்புக்கு கரண்ட் குடுக்கறது யாரு? அதே லைன். உக்காந்திருக்குற கிளையைத் தானே வெட்டுற மாதிரி.

அதனால பக்கத்துல ஒரு கெபாசிட்டர் இருக்கும், கட் ஆகியிருக்குற நேரத்துல சிப்பு அதுல இருந்து குடிக்கும். சிப்பு அரை மில்லிஆம்பியர் எடுக்குதுன்னு வெச்சுக்கோங்க, 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்னா 67 மில்லிசெகண்ட்ல 0.33 வோல்ட் இறங்கும், பிரச்சினை இல்ல, அடுத்த 33 மில்லிசெகண்ட்ல ரொம்பிடும். அதே கெபாசிட்டர் வயசாகி காஞ்சு போய் 22 மைக்ரோஃபாரட் ஆயிடுச்சுன்னா ஒன்றரை வோல்ட் இறங்கும், அதுவும் 0 டயல் பண்ணும்போது தொடர்ந்து 10 தடவை வெட்டணும், நடுவுல சிப்பு ரீசெட் ஆகும், 0 போக வேண்டிய இடத்துல 7 போகும். பழைய போன் ரிப்பேர் பண்றவங்க முதல்ல அந்த கெபாசிட்டரை மாத்துறதுக்குக் காரணம் இதுதான்.

டோன் டயலிங் சத்தத்தை சிப்பு எப்படி போடுது?

ஒவ்வொரு பட்டனுக்கும் ரெண்டு டோன் சேர்ந்து வரும். வரிசைக்கு 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ், நெடுக்குல 1209, 1336, 1477, போன்ல பொதுவா இல்லாத நாலாவதுக்கு 1633. 5-ஐ அழுத்துனா 770-உம் 1336-உம் சேர்ந்து போகும். இந்த நம்பரை எல்லாம் குத்துமதிப்பா எடுக்கல, ஒண்ணு இன்னொண்ணோட மடங்கா வராது, ரெண்டைக் கூட்டினாலும் கழிச்சாலும் மூணாவது வராது, அப்பதான் ஆள் பேசற குரலை எக்ஸ்சேஞ்ச் தப்பா நம்பர்னு எடுத்துக்காது. ஃப்ரீக்வென்சி 1.5 சதவீதத்துக்குள்ள இருக்கணும், மேல் டோன் கொஞ்சம் சத்தமா போகணும், ஏன்னா நீளமான செம்புக் கம்பி மேல் ஃப்ரீக்வென்சியைத்தான் அதிகம் தின்னும்.

சாதாரண மைக்ரோகண்ட்ரோலர்லயும் இதை டைமரை வெச்சு செய்யலாம், ஆனா ரெண்டு சைன் அலை, அதுவும் சுத்தமா, வோல்டேஜும் சூடும் மாறினாலும் சத்தம் மாறாம வரணும்னா சிபியு முழு நேரமும் அதுலயே உக்காந்திருக்கணும். அதனால டெலிகாம் சிப்புல டோன் ஜெனரேட்டரையே உள்ள வெச்சுட்டாங்க, ஒரு ரெஜிஸ்டர்ல நம்பர் எழுதுனா போதும். கூட ஒரு 3.579545 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் நிக்கும். இந்த வினோதமான நம்பர் அமெரிக்க கலர் டிவியில இருந்து வந்தது, கோடிக்கணக்குல தயாரிச்சதால ரொம்ப மலிவு, அதனால போன்காரங்களும் அதையே எடுத்துக்கிட்டாங்க.

அந்த மாதிரி ஒரு சிப் பேர் சொல்லுங்க.

பிலிப்ஸோட பிசிடி33 வரிசை. உதாரணத்துக்கு பிசிடி3349ஏ: 8 பிட், இன்டெல் 8048 வம்சம், 4 கிலோபைட் ராம் இல்ல, ரோம்! ராம் வெறும் 224 பைட். 1.8 வோல்ட்லயே ஓடும், டோன் சுத்தமா வரணும்னா மட்டும் 2.5 வோல்ட் வேணும். ரிங்கருக்கு மெலடி வெளிய வர்ற பின்னும் உண்டு. இப்போ ஒரு எமோஜி படம்கூட 224 பைட்ல அடங்காது, அதுக்குள்ள கீபேடு, ரீடயல், பல்ஸ் டோன் ரெண்டும், ஹூக் டைமிங் எல்லாத்தையும் அடக்குனாங்க. புரோகிராமை தொழிற்சாலையிலேயே சிலிக்கான்ல பொறிச்சு அனுப்புவாங்க, ஒரு பக் இருந்தா மொத்த லாட்டும் குப்பைதான், அப்டேட்னு ஒண்ணு கிடையாது. அந்த ஆளுங்க எவ்ளோ கவனமா கோட் எழுதியிருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு இப்பவும் மரியாதை வருது.

சரி, எக்ஸ்சேஞ்ச் பக்கம் வாங்க. அங்க கரண்ட் பிரச்சினை இல்லையே, வேகமான பிராசசர் ஒண்ணு போட்டா முடிஞ்சதில்ல?

முடியாதுங்க, ஒரு சின்னக் கணக்கு போட்டா தெரிஞ்சிரும்.

பேச்சை செகண்டுக்கு 8000 தடவை அளந்து ஒவ்வொண்ணையும் 8 பிட்டா மாத்துறோம், அது 64 கேபிபிஎஸ் (செகண்டுக்கு 64 ஆயிரம் பிட்). அந்த மாதிரி 32 ஸ்லாட்டை ஒண்ணா கட்டுனா ஈ1 லைன், 2.048 மெகாபிட். ஒரு ஃப்ரேம் 125 மைக்ரோசெகண்ட், அதுல 256 பிட். முழு லைனும் டேட்டாவா வந்தா ஒரு பைட்டுக்கு 3.9 மைக்ரோசெகண்ட் கிடைக்கும்.

இப்போ 80கள்ல பேர் போன மோட்டரோலா 68000-ஐ 16 மெகாஹெர்ட்ஸ்ல ஓட்டறோம்னு வெச்சுக்கோங்க. ஒரு இன்டரப்ட் (கையில இருக்குற வேலையை விட்டுட்டு இதைக் கவனின்னு சிபியுவுக்கு வர்ற கூப்பாடு) வந்தா உள்ள நுழையறதுக்கு மட்டும் 44 கிளாக், வெளிய வர்றதுக்கு 20 கிளாக், ஆக 64 கிளாக், அதாவது 4 மைக்ரோசெகண்ட். பைட்டை எடுக்கவே இல்ல, கதவைத் திறந்து மூடுறதுக்குள்ளயே அடுத்த பைட் வந்து நிக்குது! இந்த ஒரு கணக்குதான் டெலிகாம் சிப்புகளோட மொத்த வரலாறுக்கும் விதை.

பைட்டை எடுத்து வெக்கறது மட்டும்தானா வேலை?

இல்ல, அது இன்னும் கொடுமை. சிக்னலிங்கும் (கால் போடறது, முடிக்கறது பத்தின செய்திங்க) டேட்டாவும் பெரும்பாலும் ஹெச்டிஎல்சிங்கற முறையில வரும், ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் போன் லைன்), எஸ்எஸ்7 (எக்ஸ்சேஞ்சுங்க தங்களுக்குள்ள பேசிக்கற சிக்னலிங்), ஃப்ரேம் ரிலே (ஆபீஸ்களை இணைக்கற டேட்டா சேவை) எல்லாத்துக்கும் அடியில இதுதான். ஒரு பாக்கெட் எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு காட்ட 01111110-ன்னு ஒரு அடையாளம். அதே பிட்டு டேட்டாவுக்குள்ளயே வந்துட்டா? அதுக்கு அனுப்புறவர் தொடர்ந்து அஞ்சு 1 போனதும் ஒரு 0-வை சொருகிடுவார். 01111110-ங்கற டேட்டா லைன்ல 011111010-ன்னு போகும், 8 பிட் 9 பிட் ஆயிடுச்சு பாருங்க. வாங்குறவர் அதை எடுத்துடணும். ஆக பைட் எல்லையே நகர்ந்துகிட்டே இருக்கும், பிட் பிட்டா எண்ணணும், கூடவே சிஆர்சி (டேட்டா வழியில கெட்டிருக்கான்னு பாக்குற சரிபார்ப்பு எண்) வேற போடணும். இதை சாஃப்ட்வேர்ல ஒரு லைனுக்கு செய்யலாம், முப்பது லைனுக்கு அந்தக் காலத்து சிபியு செத்துரும்.

அதுக்கு என்ன வழி கண்டுபிடிச்சாங்க?

வேலையைப் பிரிச்சாங்க. 80கள் முடியற சமயத்துல மோட்டரோலா கொண்டு வந்த எம்சி68302-ல 68000 சிபியு ஒரு பக்கம், இன்னொரு பக்கம் லைனை மட்டுமே பாத்துக்கற ஒரு குட்டி ரிஸ்க் (ஆர்ஐஎஸ்சி, எளிமையான கட்டளைகளை வேகமா ஓட்டற வகை) கண்ட்ரோலர். அதுக்குக் கீழ எஸ்சிசின்னு மூணு சீரியல் சேனல், ஒவ்வொண்ணையும் ஹெச்டிஎல்சியாவோ யுஆர்ட்டாவோ (சாதாரண சீரியல் போர்ட்) வேற புரோட்டோகாலாவோ மாத்திக்கலாம். பிட் சொருகறது, எடுக்கறது, சிஆர்சி, மெமரியில கொண்டு போய் வெக்கறது எல்லாம் அந்தக் குட்டி கண்ட்ரோலரே பாத்துக்கும், முழு பாக்கெட் வந்ததும்தான் சிபியுவைக் கூப்பிடும்.

ஏன் மூணு? ஐஎஸ்டிஎன் வீட்டு கனெக்ஷன்ல 64, 64, 16 கேபிபிஎஸ்னு மூணு சேனல், ஆளுக்கு ஒண்ணுன்னு கணக்கு சரியா பொருந்தும்.

பஃபர் டிஸ்கிரிப்டர்னு எல்லா மேனுவல்லயும் வருதே, அது புரியவே மாட்டேங்குது.

பந்தி மாதிரி நினைச்சுக்கோங்க. வரிசையா இலை போட்டிருக்கு. பரிமாறுறவர் அந்த ரிஸ்க் கண்ட்ரோலர், சாப்பிடறவர் சிபியு. காலி இலை எங்க இருக்கோ அங்க அவர் பரிமாறுவார், அடுத்த இலைக்குப் போவார். நீங்க சாப்பிட்டு முடிச்சு புது இலை போட்டு வெச்சாதான் அடுத்த சுத்துல அங்க பரிமாறுவார், இல்லன்னா சோறு கீழ போகும்.

அந்த இலைதான் டிஸ்கிரிப்டர். 68302-ல ஒண்ணு 8 பைட்: ரெண்டு பைட் நிலைமை, ரெண்டு பைட் நீளம், நாலு பைட் டேட்டா எங்க இருக்குங்கற விலாசம். ஒரு சேனலுக்கு வாங்க எட்டு, அனுப்ப எட்டு. நிலைமையோட தலை பிட்டுதான் முக்கியம், வாங்கற பக்கத்துல "காலி", அனுப்பற பக்கத்துல "ரெடி". அந்த ஒத்தை பிட்டு யார் கையில இந்த பஃபர் இருக்குன்னு சொல்லுது, சிபியு கையிலயா கண்ட்ரோலர் கையிலயா. கடைசி இலையில "ராப்"னு ஒரு பிட் இருக்கும், அதைப் பாத்தா திரும்ப முதல் இலைக்குப் போகணும்னு அர்த்தம்.

புதுசா எழுதறவங்க ரெண்டு தப்பு கண்டிப்பா பண்ணுவாங்க. விலாசமும் நீளமும் எழுதறதுக்கு முன்னாடியே ரெடி பிட்டைப் போட்டுருவாங்க, கண்ட்ரோலர் அந்த மைக்ரோசெகண்ட்லயே பாஞ்சு பழைய விலாசத்துல இருக்குற குப்பையை அனுப்பிரும். டெஸ்ட்ல நல்லா ஓடும், லோடு ஏறுனாதான் வெடிக்கும். இன்னொண்ணு, வரிசையோட நீளத்தை நீங்களே முடிவு பண்ற புது சிப்புகள்ல ராப் பிட்டை மறந்துடறது, பரிமாறுறவர் இலையைத் தாண்டி தரையில பரிமாறிகிட்டே போவார், மெமரி மொத்தமும் நாசம். ரெடி பிட்டைக் கடைசியா எழுதுங்க, எப்பவும் கடைசியா.

குவிக், பவர்குவிக்னு சொல்றாங்களே?

அதே குடும்பத்து அடுத்த தலைமுறைங்க. 90கள் ஆரம்பத்துல வந்த எம்சி68360 தான் குவிக், எஸ்சிசி நாலு ஆச்சு, ஈதர்நெட் வந்துச்சு, ஈ1 லைன்ல எந்த ஸ்லாட் எந்த சேனலுக்குன்னு பிரிச்சு விடற டைம் ஸ்லாட் அசைனரும் உள்ளயே இருந்துச்சு. 32 சேனல் ஹெச்டிஎல்சி தாங்கற வகையும் விட்டாங்க. இந்த சிப்போட சிபியுவை நிறுத்தி வெச்சுட்டு, பக்கத்துல ஒரு 68040-ஐ வெச்சு, இதை வெறும் லைன் பாத்துக்கற வேலைக்காரனா ஓட்டலாம்னு மோட்டரோலாவே மேனுவல்ல வழி குடுத்திருந்தாங்க. விலை எதுக்குன்னு இதுலயே தெரியுது, சிபியு ஆஃப் ஆனாலும் சிப்புக்கு மதிப்பு குறையல.

அப்புறம் 90களோட நடுவுல எம்பிசி860, பவர்குவிக். சிபியு இடத்துல பவர்பிசி வந்துச்சு, லைன் பக்கத்து எஞ்சின் அதே வம்சம், பேரு சிபிஎம். சிஸ்கோவோட 1600 ரூட்டர்ல 68360, 2600-ல எம்பிசி860. நம்ம ஊர் பேங்க், காலேஜ், ரயில்வே ரிசர்வேஷன்னு லீஸ்டு லைன் இருந்த எத்தனையோ இடத்துல அந்த டப்பாக்களைப் பாத்திருப்பீங்க.

எம்பிசி860 போர்டுல சில சமயம் பாக்கெட்டுக்குள்ள பழைய டேட்டா வருது. ஹார்டுவேர் போயிடுச்சா?

பெரும்பாலும் ஹார்டுவேர் நல்லாதான் இருக்கும். நானே இதுல மாட்டியிருக்கேன். முதல் முதல்ல வேலை பாத்த இடத்துல ஒரு கார்டு, பத்தாயிரம் பாக்கெட்டுக்கு ஒண்ணு கெட்டுப் போகும். லைன் பக்கம் சிஆர்சி சரியா இருக்கு, ஆனா மெமரியில படிச்சா தப்பு. சால்டரிங், கிரிஸ்டல், பவர் சப்ளைன்னு மூணு வாரம் எல்லாத்தையும் மாத்திப் பாத்தாங்க. கடைசியா கெட்ட பாக்கெட்டையும் அதுக்கு முந்தின பாக்கெட்டையும் பிரின்ட் எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சு பென்சில்ல கோடு போட்டோம். தப்பா இருந்தது சரியா 16 பைட், 16-ஆல வகுபடற விலாசத்துல ஆரம்பிக்குது, அதுல இருக்குறது முந்தின பாக்கெட்டோட டேட்டா.

மெமரியில படிச்சதை சிபியு கேஷ்னு ஒரு குட்டி வேக மெமரியில நகல் எடுத்து வெச்சுக்கும், 16 பைட்னா அந்த சிப்போட கேஷ் லைன் அளவு, அதாவது ஒரு தடவைக்கு எடுக்கற நகல். சிபிஎம் நேரா மெமரியில எழுதுது, ஆனா சிபியுவோட கேஷ் அதைக் கவனிக்காது, இந்த சிப்புல அப்படித்தான். சிபியு கேஷ்ல இருந்த பழைய நகலைப் படிச்சுகிட்டு இருந்திருக்கு. வாங்கற பஃபரைப் படிக்கறதுக்கு முன்னாடி அந்த விலாசத்துக்கு கேஷை இன்வாலிடேட் பண்ணணும் (பழைய நகலைத் தூக்கிப் போடணும்), அனுப்பற பஃபர்னா ரெடி பிட்டைப் போடறதுக்கு முன்னாடி ஃபிளஷ் பண்ணணும் (கேஷ்ல இருக்குறதை மெமரியில எழுதணும்), இல்லன்னா பஃபர் இருக்குற ஏரியாவையே கேஷ் வேண்டாம்னு எம்எம்யுல (மெமரி விலாசங்களைப் பாத்துக்கற பகுதி) சொல்லிடணும். நாங்க மூணாவதை எடுத்தோம், நாலு வரி மாத்தினதும் சரியாச்சு.

மைக்ரோகோட் பேட்ச்னு லினக்ஸ் சோர்ஸ்ல பாத்தேன், அது என்ன?

சிபிஎம் உள்ள ஓடறதும் ஒரு புரோகிராம்தான், சிப்புலயே பொறிச்சது. எம்பிசி860-ல ஒவ்வொரு சேனலுக்கும் உள் மெமரியில கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கு, ஆனா ஈதர்நெட்டுக்கு இடம் பத்தாம பக்கத்துல இருக்குற ஐ2சி, எஸ்பிஐ (போர்டுல இருக்குற மத்த சிப்புகளோட பேசற சின்ன சீரியல் லைன்கள்) ஏரியாவுல கால் நீட்டிடும். ஈதர்நெட்டும் ஐ2சியும் ஒரே நேரத்துல வேணும்னா ஐ2சியோட இடத்தை வேற பக்கம் நகர்த்தணும், அந்த நகர்த்தற வேலையைத்தான் பேட்ச் செய்யுது. பூட் ஆகும்போது லோடு பண்ணணும்.

நம்ம நாட்டுல இந்த மாதிரி எதுவும் டிசைன் பண்ணாங்களா?

சிப்பை வெச்சு அருமையான வேலை நடந்திருக்கு. 1984-ல தொடங்கின சி-டாட் (அரசோட டெலிகாம் ஆராய்ச்சி மையம்), 1986-ல கர்நாடகாவுல கித்தூர்ல முதல் கிராமப்புற எக்ஸ்சேஞ்சைப் போட்டாங்க, 128 போர்ட், ஏசி ரூம் தேவையில்ல. அப்போ வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுங்களுக்கு ஏசி இல்லாம முடியாது, நம்ம கிராமத்துல அதுக்கு எங்க போறது?

அப்புறம் சென்னை, ஐஐடி மெட்ராஸ்ல அசோக் ஜுன்ஜுன்வாலா இருந்த டெநெட் குழு. மைடாஸ் கம்யூனிகேஷன், அனலாக் டிவைசஸ் கம்பெனிங்க கூட சேர்ந்து 90கள்ல கார்டெக்ட்னு வயர்லெஸ் லோக்கல் லூப் (வீடு வரைக்கும் கம்பி இழுக்காம போன் லைன்) பண்ணாங்க. டிஎஸ்பி (சிக்னல் கணக்குக்குன்னே செஞ்ச பிராசசர்) சிப்புல சாஃப்ட்வேராவே நிறைய வேலையை செஞ்சு செலவைக் குறைச்சாங்க, பேச்சும் 35 அல்லது 70 கேபிபிஎஸ் இன்டர்நெட்டும் குடுத்துச்சு. பேஸ் ஸ்டேஷனுக்கு கரண்ட்டையும் எக்ஸ்சேஞ்ச்ல இருந்து அதே செம்புக் கம்பியிலயே அனுப்பினாங்க, கம்பத்து மேல கரண்ட் இருக்கா இல்லையான்னு கவலையே வேண்டாம்.

இந்த சிப்புங்க இப்போ யார்கிட்ட இருக்கு? புதுசா கிடைக்குமா?

பிலிப்ஸோட சிப் பிரிவு 2006-ல என்எக்ஸ்பி ஆச்சு. மோட்டரோலாவோடது 2004-ல ஃப்ரீஸ்கேல் ஆகி, 2015-ல அதுவும் என்எக்ஸ்பிக்குள்ள வந்துருச்சு. ஆக போனுக்குள்ள இருந்த சிப்பும் எக்ஸ்சேஞ்ச் ரூட்டர்ல இருந்த சிப்பும் இப்போ ஒரே கூரையில. லைன் எஞ்சினோட வாரிசு குவிக் எஞ்சின்ங்கற பேர்ல எல்எஸ்1021ஏ மாதிரி ஆர்ம் சிப்புகள்ல வந்துருச்சு. பழசை ரிப்பேருக்கு வாங்கறதா இருந்தா பாத்து வாங்குங்க, மேல பேரை அழிச்சு வேற பேர் பொறிச்ச சிப்பு மார்க்கெட்ல நிறைய சுத்துது.

மேனுவல் படிச்சா தூக்கம் வருது, கையில செஞ்சு கத்துக்க என்ன வழி?

ராஸ்பெர்ரி பை பிக்கோ வாங்குங்க. அதுல இருக்குற ஆர்பி2040-ல பிஐஓன்னு குட்டி ஸ்டேட் மெஷின் எட்டு இருக்கு, சிபியுவைத் தொந்தரவு பண்ணாம பிட்டை உள்ள வெளிய தள்ளும், கூட டிஎம்ஏ (சிபியு தலையிடாம மெமரிக்கு டேட்டாவை நகர்த்தற பகுதி) உண்டு. 68302-ல இருந்த அதே யோசனை. அதுல ஹெச்டிஎல்சி அனுப்பிப் பாருங்க, அஞ்சு 1-க்கு அப்புறம் 0 சொருகறதை நீங்களே எழுதுங்க. பீகிள்போன்ல பிஆர்யுன்னு 200 மெகாஹெர்ட்ஸ்ல ரெண்டு கோர் இருக்கு, அதுவும் நல்ல பள்ளிக்கூடம்.

நிஜ லேண்ட்லைன்ல மட்டும் நேரா ஒட்டாதீங்க. ரிங் வரும்போது 75 வோல்ட் பக்கத்துல ஏசி ஏறும், பிக்கோவும் போகும் விரலும் சுள்ளுன்னு பிடிக்கும்.

ஈ1 கார்டு ரிப்பேருக்கு வந்திருக்கு, பேச்சு நல்லா கேக்குது, ஃபேக்ஸ் மட்டும் நடுவுல கட் ஆகுது. எங்க ஆரம்பிக்கறது?

கிளாக்ல. லைன்ல வர்ற கிளாக்கைப் பிடிச்சு அதோட ஓட வேண்டிய கார்டு, ஏதோ காரணத்துல தன்னோட சொந்த கிரிஸ்டல்ல ஓடிட்டு இருக்கும். 50 பிபிஎம் (பத்து லட்சத்துல 50 பங்கு) வித்தியாசம்னு வெச்சுக்கோங்க, 125 மைக்ரோசெகண்ட் விலக 2.5 செகண்ட் போதும், ஆக ரெண்டரை செகண்டுக்கு ஒரு தடவை ஒரு ஃப்ரேம் காணாம போகும், இல்லன்னா ரெண்டு தடவை வரும். பேச்சுல அது ஒரு சின்ன டிக், காது கண்டுக்காது. ஃபேக்ஸ் மோடமுக்கு அது இடி. ஸ்கோப்புல ஒரு சேனல்ல லைன்ல இருந்து வர்ற 8 கிலோஹெர்ட்ஸ் ஃப்ரேம் சிங்க், இன்னொரு சேனல்ல கார்டோட சிங்க் ரெண்டையும் வெச்சு, முதல் சேனல்ல ட்ரிகர் பண்ணுங்க. ரெண்டாவது கோடு மெதுவா நகர்ந்து போச்சுன்னா சால்டரிங் அயர்னை ஆஃப் பண்ணிட்டு, கிளாக் சோர்ஸ் எதுன்னு தேர்ந்தெடுக்கற ஜம்பரையோ ரெஜிஸ்டரையோ போய்ப் பாருங்க.